மூச்சுத்திணறலோடு பிறந்த பாப்பா: நுரையீரல் தேறிவிடுமா?

கேள்வி: நாங்கள் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் குடியிருக்கிறோம். எனக்கு 30-ஆவது வாரத்திலேயே வலி கண்டு, 1,250 கிராம் எடையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததுமே முனகல், மூச்சுத்திணறல். தென்காசியிலிருந்து 108-இல் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். "நுரையீரல் முதிரவில்லை" என்று சொல்லி மூச்சுக்குழாய் வழியாக இரண்டு முறை மருந்து விட்டார்கள். ஒரு வாரம் வென்டிலேட்டர், அப்புறம் சிபாப், அப்புறம் ஆக்சிஜன். ஐந்தாம் வாரக் கடைசியில்தான் ஆக்சிஜனை எடுத்தார்கள். தலை ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். கண் பரிசோதனை ஒரு தடவை நடந்தது. மறுபடி வரச் சொன்னார்கள், போக முடியவில்லை.

இப்போது பாப்பாவுக்கு எட்டு மாதம், எடை 6 கிலோ 100 கிராம். சளி பிடித்தால் உடனே இளைப்பு வருகிறது. இரண்டு முறை நெபுலைசர் வைத்தோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழுது, இது உட்காரக்கூட மாட்டேங்கு" என்று அத்தை வருத்தப்படுகிறார். சாரல் காலத்தில் பிள்ளையை வாசலுக்கே தூக்கக்கூடாது என்கிறார். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டால் சளி வராது என்றும் சொல்கிறார். ஏழாம் மாதம் வரை நான் பீடி சுற்றினேன்; அதனால்தான் இப்படி ஆனதோ என்று மனது அடித்துக்கொள்கிறது. பாப்பாவின் நுரையீரல் ஆயுசுக்கும் இப்படித்தான் இருக்குமா? மூளை வளர்ச்சி பாதிக்குமா? அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா?

ஒரு தாய், இலஞ்சி

பதில்: அன்புள்ள சகோதரி, மூன்று கேள்விக்கும் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது; அவளைப் போன்ற குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதில் அபாய அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். அடுத்த பிரசவமும் குறைமாதத்தில் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதல். அதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை பல உண்டு. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது வேறொன்று: கண் பரிசோதனை பாதியில் நின்றுபோனது. அதற்கும் வருகிறேன்.

அன்று நடந்தது என்ன?

நுரையீரலின் நுனியில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் எப்போதும் ஈரம் உண்டு. நனைந்த பாலித்தீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வது போல, ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் இந்த அறைகள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் தடுக்க, நுரையீரலே கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு படலத்தைச் சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். கருவின் 24-ஆவது வாரவாக்கில் இது சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதிய அளவை எட்டுகிறது. 30 வாரத்தில் பிறந்த உங்கள் மகளுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய அறைகளைப் பிரித்துத் திறக்க அவள் போராடினாள். அந்த முனகலும், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்ததும் அதனால்தான்.

நம் ஊர்ப்பக்கம் "ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று இன்றும் சொல்கிறார்கள். இது முழுக்கத் தவறு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். இந்த நம்பிக்கையால், எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையைக் கைவிட்ட மனநிலையோடு தாமதமாகக் கொண்டுவரும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தாமதம்தான் உயிருக்கு ஆபத்து.

இந்த நோயின் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைபாடு என்பதை அமெரிக்க மருத்துவர்கள் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் காட்டினார்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக், எடை 2.1 கிலோ. காரணம் தெரிந்திருந்தும் கொடுக்க மருந்து இல்லை. 39 மணி நேரத்தில் அந்தக் குழந்தை இறந்துபோனது. தொடர்ந்த காற்றழுத்தத்தால் நுண்ணறைகளைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் முறையை 1971-இல் ஜார்ஜ் கிரிகரி வெளியிட்டார். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார். உங்கள் பாப்பாவுக்கு இரண்டு முறை விட்டது அந்த வகை மருந்துதான். கென்னடியின் மகனைவிட 850 கிராம் குறைவாகப் பிறந்த உங்கள் மகள் இன்று உங்கள் மடியில் இருக்கிறாள் என்றால், இவர்களின் உழைப்பும், திருநெல்வேலியில் இரவு பகலாக அவள் பக்கத்தில் நின்ற செவிலியர்களின் உழைப்பும் அதில் இருக்கின்றன.

ஐந்து வார ஆக்சிஜன் எதைக் காட்டுகிறது?

உயிரைக் காப்பாற்றிய வென்டிலேட்டரும் ஆக்சிஜனும், முதிராத நுரையீரலில் சிறு தழும்பை விட்டுச் செல்வதும் உண்டு. 1967-இல் நார்த்வே என்ற அமெரிக்க மருத்துவர் இதை முதலில் விவரித்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் "பி.பி.டி." என்று எழுதியிருந்தால் அது இதுதான். 28 நாளைத் தாண்டியும் ஆக்சிஜன் தேவைப்பட்டதா, கருவின் கணக்கில் 36 வாரம் முடிந்தபோதும் தேவைப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளை வைத்து இதன் கடுமையைக் கணிக்கிறோம். உங்கள் பாப்பாவுக்கு 28 நாளைத் தாண்டியது உண்மை. ஆனால் 35 வாரக் கணக்கிலேயே ஆக்சிஜன் நின்றுவிட்டது. ஆகவே இது லேசான வகை. 36 வாரத்துக்குப் பிறகும் ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்படும் குழந்தைகளைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுவோம். அவர்கள் முதல் இரண்டு ஆண்டில் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர நேரிடும். சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தமும் கூடும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட நுண்ணறைகள் முழு எண்ணிக்கையில் இருப்பதில்லை. பெரியவர்களுக்கு 30 கோடிக்கும் மேல் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி பிறந்த பிறகு, முக்கியமாக முதல் இரண்டு மூன்று வயதுக்குள் உருவாகின்றன. உங்கள் மகளுக்கு இப்போது நடப்பது அந்தக் கட்டுமானம். மருத்துவமனையில் அவளுக்குக் கிடைத்தது சிகிச்சையின் முதல் பாதி. இரண்டாம் பாதி உங்கள் வீட்டில் நடக்கிறது. அதில் உணவும், தடுப்பூசியும், புகையில்லாத காற்றும்தான் மருந்து.

சளி பிடித்தால் இளைப்பு

அவளுடைய மூச்சுக்குழல்கள் குறுகலானவை. சாதாரண சளிக் கிருமியால் சற்று வீங்கினாலே விசில் சத்தம் கேட்கும். இதை உடனே ஆஸ்துமா என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் இது படிப்படியாகக் குறையும். அதுவரை நெபுலைசரில் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் குழந்தை மருத்துவர்தான் ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்து இந்த வயதில் கூடவே கூடாது.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கிலேயே போடுங்கள். குறைமாதம் என்று தள்ளிப்போடாதீர்கள். நிமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்ற கணக்கில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அடுத்த மாதம் தட்டம்மை தடுப்பூசியோடு அதன் மூன்றாம் தவணையும் வருகிறது. ஃப்ளூ தடுப்பூசியை ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம். முதல் முறை நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. உங்கள் மகளுக்கு அது அவசியம் என்றே சொல்வேன்.

சாம்பிராணி, பீடித்தட்டு, சாரல்

அத்தை பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் சாம்பிராணிப் புகை சளியைத் தடுக்காது; அது மூச்சுக்குழலை உறுத்தி இளைப்பைக் கிளப்பும். தலையைப் பருத்தித் துணியால் நன்றாகத் துவட்டினாலே போதும். கொசுவர்த்திச் சுருள், விறகடுப்புப் புகை, வீட்டுக்குள் பீடி சிகரெட் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கொசுவுக்கு வலை கட்டுங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், சளியை வாயால் ஊதி எடுப்பதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும்.

பீடி சுற்றியதை நினைத்துக் குமைகிறீர்கள். ஒரு குறிப்பிட்ட குறைப்பிரசவத்துக்கு இதுதான் காரணம் என்று ஒற்றைக் காரணத்தை எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது. தொற்று, ரத்தசோகை, ரத்த அழுத்தம், கருப்பைவாய்த் தளர்ச்சி எனப் பல உண்டு. பாதிக்குப் பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. ஆலங்குளம், கடையம் தொடங்கி இந்த மாவட்டத்தில் ஏராளமான பெண்களின் வீட்டில் அடுப்பெரிவது பீடித்தட்டால்தான். அந்த உழைப்புக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இனிமேல் புகையிலைத் தூள் பறக்கும் அறையில் பாப்பாவின் தொட்டில் இருக்கக்கூடாது. திரும்பச் சுற்ற வேண்டிய நிலை வந்தால் வேறு அறையிலோ திண்ணையிலோ உட்காருங்கள். எழுந்ததும் கையைச் சோப்பால் கழுவி, சேலையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

சாரலைப் பற்றி. குற்றாலம் மலையடிவாரம்தான், 200 மீட்டருக்கும் குறைவான உயரம், ஆக்சிஜன் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஈரக்காற்று மட்டுமே நுரையீரலைக் கெடுத்துவிடாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நம் பக்கத்தில் சளி பரவுவதற்குக் காரணங்கள் வேறு: பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெளியூர்க் கூட்டம் நெருக்கியடிக்கிறது, வீட்டில் சன்னல்களை அடைத்து எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறோம், காயாத துணியும் சுவரில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே பாப்பாவுக்குக் காதையும் மார்பையும் மூடும் உடை போட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாம். அருவிக் கூட்டத்துக்குள் மட்டும் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கொண்டுபோகாதீர்கள். அருவியில் நனைப்பது அறவே வேண்டாம். சளி பிடித்த உறவினர் வந்தால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதில் கூச்சம் பார்க்காதீர்கள்.

அவள் வயது எட்டு மாதமா, ஐந்தரை மாதமா?

அவள் பத்து வாரம் முன்னதாகப் பிறந்தாள். வளர்ச்சியை அளக்கும்போது அந்தப் பத்து வாரத்தைக் கழித்துவிட வேண்டும். இதைத் திருத்திய வயது என்கிறோம். இரண்டு வயது வரை இந்தக் கணக்கைப் பின்பற்றுகிறோம். அப்படிப் பார்த்தால் பாப்பாவுக்கு ஐந்தரை மாதம்தான். ஐந்தரை மாதக் குழந்தை உட்காராததில் வியப்பில்லை. எடையும் அந்த வயதுக்குரிய வரம்புக்குள்தான், சற்றே கீழ்ப்பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை அத்தையிடம் இந்தக் கணக்கைச் சொல்லி நிறுத்துங்கள்.

திருத்திய வயதில் ஆறு மாதம் நிறையும்போது, தாய்ப்பாலோடு இணை உணவைத் தொடங்குங்கள். குழைத்த பருப்புச் சாதத்தில் நெய், மசித்த நேந்திரம்பழம், முட்டை மஞ்சள் கரு என்று ஒவ்வொன்றாகக் கூட்டலாம். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில் ஒரு வயது வரை நிறுத்தாதீர்கள். எடை கூடக்கூட நுரையீரலும் வளரும்.

மூளையைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சர்ஃபாக்டன்ட் குறைபாடு நேராக மூளையைத் தாக்குவதில்லை. குறைமாதத்தில் தலைக்குள் ரத்தக்கசிவு, கடுமையான கிருமித்தொற்று, நீண்டகால வென்டிலேட்டர் ஆகியவை சேர்ந்தால்தான் ஆபத்து கூடும். பாப்பாவின் தலை ஸ்கேன் சரியாக இருந்தது நல்ல செய்தி. ஆனாலும் கீழே சொல்பவற்றில் ஏதாவது இருந்தால் உடனே காட்டுங்கள்: கழுத்து இன்னும் நிற்கவில்லை, கையை எப்போதும் இறுக மூடியே வைத்திருக்கிறாள், கால்கள் விறைத்துக் கத்தரிக்கோலாகப் பின்னுகின்றன, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறாள், முகம் பார்த்துச் சிரிப்பதில்லை, சத்தம் கேட்டுத் திரும்புவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சிகள் நல்ல பலன் தரும். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இந்தப் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். டிஸ்சார்ஜ் சீட்டோடு தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போய், அந்த மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறிக்கும் நோய் ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு முன்பு அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். "விழித்திரை முழுதாக வளர்ந்துவிட்டது" என்று மருத்துவர் சொல்லும் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தது போதாது. அந்த நோய் முற்றும் கட்டம் இந்நேரம் கடந்திருக்கும் என்றாலும், விழித்திரையில் ஏதாவது மிச்சமிருக்கிறதா, மாறுகண்ணோ கிட்டப்பார்வையோ இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். இலஞ்சியிலிருந்து ஆலங்குளம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கைக்குழந்தையோடு பயணம், ஒரு நாள் கூலி போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1988-இலிருந்து அங்கே இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ இந்த வாரமே போங்கள்.

அதே பயணத்தில் காது கேட்கும் திறனையும் பெரா சோதனை மூலம் பார்த்துவிடுங்கள். கேட்புக் குறை இருந்தால் அதைச் சரிசெய்யக் காக்ளியர் அறுவை சிகிச்சை வரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் தாமதமானால் பேச்சு வளர்வது கடினமாகிவிடும்.

பள்ளிக்கூடம் போகும்போது

அவள் ஓடலாம், ஆடலாம், நீச்சல் பழகலாம். நுரையீரலைக் காரணம் காட்டி விளையாட்டை மறுக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களில் சிலருக்குக் கவனம் சிதறுவது, கணக்கில் தடுமாறுவது, கையெழுத்து கோணுவது போன்ற சிறு சிக்கல்கள் ஒன்றாம் இரண்டாம் வகுப்பில்தான் தெரியவரும். ஆசிரியரிடம் அவள் பிறந்த கதையைச் சொல்லி வையுங்கள். ஆறு வயதுக்கு மேல் ஒருமுறை ஊதிப் பார்க்கும் சோதனையால் நுரையீரல் திறனை அளக்கலாம்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் 26 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளை எபிக்யூர் என்ற ஆய்வு இளம்பருவம் வரை பின்தொடர்ந்தது. 19 வயதிலும் அவர்களின் நுரையீரல் திறன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. உங்கள் மகள் அவர்களைவிட நான்கு வாரத்துக்கு மேல் முதிர்ந்து பிறந்தவள். நிலைமை பலமடங்கு மேல். ஆனால் அவளுடைய நுரையீரலில் கையிருப்பு சற்றுக் குறைவு என்பதை வாழ்நாள் முழுக்க நினைவில் வையுங்கள். புகையிலையின் பக்கமே அவள் போகக்கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது வரை 50-ஐத் தொட்டாலே, ஒரு வயதுக்கு மேல் 40-ஐத் தொட்டாலே அது வேகமான மூச்சு. அன்றே காட்ட வேண்டும். நெஞ்சுக்குழி உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, முனகல், உதடோ நாக்கோ நீலம் பாரிப்பது, பால் குடிக்க முடியாமல் சோர்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள். மந்திரிக்கவோ பார்வை பார்க்கவோ போவதானால் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு போகலாம்.

அடுத்த பிள்ளை

முதலில் உடம்பு தேற வேண்டும். அடுத்த கருவுக்கு முன் இரண்டு ஆண்டு இடைவெளி விடுங்கள். கருவுற்றதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, "முதல் பிரசவம் 30 வாரத்தில்" என்பதை அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கருப்பைவாயின் நீளத்தை ஸ்கேனில் அளப்பது, தேவைப்பட்டால் புரோஜெஸ்டிரோன் மருந்து, சிறுநீர்த் தொற்றுக்கும் ரத்தசோகைக்கும் உடனடிச் சிகிச்சை ஆகியவை இதற்குரிய வழிகள். அந்த மாதங்களில் பீடித்தட்டைத் தொடாதீர்கள்.

இதைப் படிக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். 34 வாரத்துக்கு முன்பே வலி கண்டால், குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி உண்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 2,852 தாய்மார்களிடம் நடந்து 2020-இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் ஆய்வில், இந்த ஊசி பச்சிளம் குழந்தை இறப்பை 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைத்தது. டெக்சாமெதசோன் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை மிகக் குறைவு. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே முதல் ஊசியைப் போட்டுவிடலாம். "ஊசி போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். முடிந்தவரை, பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குத் தாயை வயிற்றுப் பிள்ளையோடு கொண்டுபோய்ச் சேருங்கள். பிறந்த பிறகு குழந்தையை வண்டியில் கொண்டுபோவதைவிட அது பாதுகாப்பானது.

இரண்டாவது, நாள் நட்சத்திரம் பார்த்து முன்கூட்டியே செய்யும் சிசேரியன். 37-ஆவது வாரத்தில், வலியே காணாமல், நல்ல நேரத்துக்காக வெளியே எடுக்கப்பட்ட குழந்தைகள் மூச்சுத்திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதைக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் பார்க்கிறோம். மருத்துவக் காரணம் இல்லையென்றால் 39 வாரம் நிறையும் முன் தேதி குறிக்காதீர்கள். ஜாதகத்தில் எந்த நேரம் எழுதப்பட்டாலும், அந்த நேரத்தில் தானாக மூச்சுவிடும் நுரையீரல் பிள்ளைக்கு இருக்க வேண்டும். அதைக் கொடுப்பது கடைசி வாரங்கள்தான். அந்த வாரங்களைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள்.